ஒன்பது வருடமாகக் கையில் இருக்கும் பாயிண்ட் 22 ரிவால்வர்

2016-இல், கிரீன் கார்டு வந்த சில மாதங்களில், டெக்சாஸில் என் முதல் கைத்துப்பாக்கியை வாங்கினேன். 9 எம்எம் பிஸ்டல் வாங்கும் எண்ணத்தோடுதான் போனேன். ரேஞ்சில் வாடகைக்கு ஒன்றை எடுத்துச் சுட்டபோது, சத்தம் வருமுன்பே கண் மூடிக்கொண்டது, மணிக்கட்டு கீழே சாய்ந்தது. குண்டெல்லாம் இலக்குக்கு ஒரு சாண் கீழே. அங்கிருந்த பெரியவர் ஒருவர் தன் ரூகர் சிங்கிள்-சிக்ஸ் என்ற பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குண்டு) ரிவால்வரைக் கொடுத்து, "இதில் ஆறு சுட்டுப் பாருங்கள்" என்றார். சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு அறைகளில் இரண்டைக் காலியாக விட்டு, அதைச் சுற்றிவிட்டுத் தந்திருக்கிறார். ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) வெற்று அறையில் 'டிக்' என்று விழுந்தபோது துப்பாக்கியின் மூக்கு தானாகக் கீழே குனிந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். தவறு கருவியில் இல்லை, என் கையில் என்று அந்த நொடியில் புரிந்தது. அடுத்த வாரமே கடையில், துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 படிவத்தை நிரப்பி, அதே மாடலை வாங்கினேன்.

வாங்க நினைப்பவர்கள் என்னைக் கேட்டால், முதலில் சிங்கிள் ஆக்‌ஷன் வாங்குங்கள் என்பேன். பாயிண்ட் 22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தகட்டு விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். அதற்கு ஹேமர் பலமாக விழ வேண்டும், ஸ்பிரிங்கை இளக்க முடியாது. அதனால் பாயிண்ட் 22 டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில், அதாவது ட்ரிக்கரை இழுத்தாலே ஹேமரும் பின்னால் போய் விழும் வகையில், ட்ரிக்கர் பெரும்பாலும் கனமாகவே இருக்கும். சிங்கிள் ஆக்‌ஷனில் ஹேமரைக் கட்டைவிரலால் நாமே இழுத்து வைக்கிறோம், ட்ரிக்கருக்கு மிச்சம் இருப்பது சின்ன வேலைதான். பின் சைட் (குறிபார்க்க உதவும் பின்பக்கக் காடி) திருகிச் சரிசெய்யக்கூடியதாக இருப்பதும் முக்கியம். பாயிண்ட் 22-இல் தோட்டா பிராண்டை மாற்றினாலே குண்டு விழும் இடம் மாறிவிடும்.

என்னுடையது இரண்டு சிலிண்டரோடு வந்தது. ஒன்று வழக்கமான 22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாவுக்கு, மற்றது 1959-இல் வந்த, அதைவிடப் பலமான 22 மேக்னத்துக்கு. பெரிய லாபம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். உண்மையில் மேக்னம் சிலிண்டர் பெரும்பாலும் டிராயரிலேயே கிடக்கிறது. சத்தமும் அதிகம், விலையும் அதிகம். ஒரே பேரல் இரண்டுக்கும் பொதுவானது, எல்ஆர் குண்டோ மேக்னத்தைவிட மயிரிழை சிறியது. இருந்தும் 15 கெஜத்தில் என் கைக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: எல்ஆர் தோட்டாவை மேக்னம் அறையில் போடவே கூடாது. தளர்வாக உட்காரும், உறை பிளந்துவிடும்.

சிங்கிள்-சிக்ஸ் 1953-இலிருந்து வருகிறது. பழையதை வாங்குவதானால் பக்கவாட்டில் எத்தனை ஸ்க்ரூ என்று எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் அது 1973-க்கு முந்தையது, டிரான்ஸ்ஃபர் பார், அதாவது ட்ரிக்கரை இழுத்தால் மட்டுமே ஹேமரின் அடியைக் கடத்தும் பாதுகாப்புத் தகடு, இல்லாதது. கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டால் வெடிக்கலாம். அதில் ஐந்துதான் போட வேண்டும், ஹேமருக்குக் கீழ் அறை காலி. ரூகர் நிறுவனம் அதில் இந்தத் தகட்டை இலவசமாகவே பொருத்தித் தருகிறது.

இடையில் டபுள் ஆக்‌ஷன் ஒன்றும் வாங்கி, இரண்டு வருடம் வைத்திருந்து விற்றுவிட்டேன். ஐம்பது தோட்டா ஆனதும் காலி உறைகள் அறையில் ஒட்டிக்கொள்ளும், எஜெக்டர் ராடை (உறைகளை வெளியே தள்ளும் கம்பியை) உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டும். எல்ஆர் குண்டின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள், அதுவும் கரியும் சேர்ந்தால் இந்தக் கதிதான். சிங்கிள்-சிக்ஸில் ஒவ்வொரு உறையாகத் தள்ளுவதால் அவ்வளவு தெரிவதில்லை. ஆனாலும் 100 தோட்டாவுக்கு ஒருமுறை அறைகளில் பிரஷ் போடுகிறேன். 22 ஷார்ட் சுட்ட நாளில் கட்டாயம் போடுவேன், அந்தக் குட்டைத் தோட்டா விட்டுப்போகும் கரி வளையத்தில் எல்ஆர் முழுதாக உள்ளே போகாது.

ஷார்ட், எல்ஆர், சத்தம் குறைந்த மெல்லிய தோட்டா, எதைப் போட்டாலும் சுடும். ஆட்டோமேட்டிக்கில் இது நடக்காது, அங்கே தோட்டாவின் பலம்தான் அடுத்ததை ஏற்ற வேண்டும். இங்கே நம் கட்டைவிரல் போதும். எனக்கு இதன் பெரிய சுகமே இதுதான்.

மலிவான மொத்தப் பெட்டித் தோட்டாவில் அவ்வப்போது ஒன்று வெடிக்காமல் போகும். முப்பது நொடி துப்பாக்கியின் மூக்கை இலக்குப் பக்கமே வைத்துக் காத்திருங்கள். அப்புறம் தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும், விளிம்பில் மருந்து எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்திருக்காது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு அருகில் மட்டும் விரல் போகக் கூடாது, சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் அங்கிருந்துதான் சீறும். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள்.

வீட்டில் தோட்டா எதுவும் பக்கத்தில் இல்லாமல் ட்ரை ஃபயர் (வெறும் துப்பாக்கியில் ட்ரிக்கர் இழுப்பது) பழகுகிறேன். அறைகளில், சுவரில் ஸ்க்ரூ இறுக்கச் சொருகும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக், 4-6 அளவு, ஆறு சொருகியிருக்கும். ஃபயரிங் பின் (ஹேமரின் அடியைத் தோட்டாவில் சேர்க்கும் ஊசி) அதன் விளிம்பில் அடிக்கும், அறையின் ஓரம் பிழைக்கும். இந்த யோசனையும் அந்தப் பெரியவர் சொன்னதுதான்.

துப்பாக்கி என்றாலே ஒதுங்கிப்போன என் மனைவி மூன்றாம் வருடம் ஒருநாள் கூட வந்து ஆறு சுட்டாள். "இவ்வளவுதானா, உதைக்கவே இல்லையே" என்றாள். இப்போது ரேஞ்சுக்குப் போனால் முதல் ஆறும் அவளுக்கு. நான் பக்கத்தில் நின்று, காலி உறைகளைத் தள்ளி, ஒவ்வொன்றாகத் தோட்டா போட்டுக் கொடுக்கிறேன்.