சவாரிச் சமநிலைப் பயிற்சி, இரண்டு நாள்: போகலாமா?

நான்கு மணி நேரம் காட்டுப்பாதையில் போய்த் திரும்பினால் என் குதிரை மறுநாள் இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கித்தான் நடக்கும். அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். கால்நடை மருத்துவர் குளம்பைச் சோதித்தார், லாடத்தைக் கழற்றிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும், மறுபடி பாதையில் இறங்கினால் மறுபடி அதே கதை. கடைசியில் அவர்தான், "மேலே உட்காருகிறவரையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்" என்று இந்தப் பயிற்சிக்கு அனுப்பினார்.

முதல் நாள் காலையில் குதிரையே கிடையாது. இரண்டு எடைக்கருவிகளை ஒட்டி வைத்து, ஒன்றுக்கு ஒரு கால் என்று கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். நேராகத்தான் நிற்கிறேன் என்று சத்தியமே செய்திருப்பேன், ஆனால் வலது காலில் ஆறு கிலோ கூடுதல். இத்தனை நாளும் அந்தச் சாய்வையும் சேர்த்தல்லவா குதிரை சுமந்திருக்கிறது என்று நினைத்தபோது மனசு கேட்கவில்லை.

மதியம் சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் பயிற்சியாளர் வியர்வைத் தடத்தைக் காட்டினார். முதுகு முழுக்க நனைந்திருக்க, இடது தோளுக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு உலர்ந்த திட்டு. ஒன்று அங்கே சேணம் படவே இல்லை, இல்லையென்றால் அளவுக்கு மீறி அழுத்துகிறது என்றார். விரலால் மெல்ல அழுத்தினார், குதிரை முதுகைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்தது. நான் வலப்பக்கம் சாயச் சாய சேணமும் அந்தப் பக்கம் இழுபட்டு, இடப்பக்க விளிம்பு அதே இடத்தில் ஏறி அமர்ந்திருக்கிறது.

டிராட்டில், அதாவது எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடி ஜோடியாக ஊன்றும் மிதமான ஓட்டத்தில், எழுந்து உட்காரும்போது எப்போதும் ஒரே ஜோடிக் கால்கள் ஊன்றும்போதுதான் உட்காருகிறேன் என்பதும் அன்றுதான் தெரிந்தது. மைதானத்தில் திசை மாறும்போது ஜோடியையும் மாற்றுவோம், நீண்ட பாதையில் அந்த நினைப்பே வருவதில்லை. இப்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சேணம் ஒரு பக்கம் இழுபடாதிருக்க, ஏறுவதும் மேடான இடத்திலிருந்துதான்.

குறை என்றால், எல்லாமே சமதளத்தில் நடந்தது. இறக்கத்தில்தான் நம் உடல் உண்மையில் தடுமாறும், அதை வாயால் சொன்னதோடு சரி. எட்டுப் பேருக்கு ஒரே பயிற்சியாளர் என்பதும் போதாது.

நொண்டுகிற குதிரைக்கு இது வைத்தியம் ஆகாது, முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எனக்கு இரண்டு மாதத்தில் அந்த உலர்ந்த திட்டு மறைந்துவிட்டது, போன வாரம் நீண்ட சவாரிக்கு மறுநாள் கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்த்தேன், தலை ஆடவில்லை. சரிவுக்கென்று மூன்றாவது நாள் ஒன்று சேர்த்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.