க்யூபோலாவா, இண்டக்‌ஷனா? லேடில் பிடிக்கிறவர் பக்கமிருந்து ஓர் அலசல்

கோவையில் பம்புசெட், மோட்டார் பாடி வார்க்கும் சின்ன பவுண்டரி எங்களுடையது. பல வருடம் க்யூபோலாவில், அதாவது கோக் கரியை எரித்து இரும்பை உருக்கும் உயரமான உலையில், உருக்கினோம். இப்போது மின்சாரத்தில் உருக்கும் அரை டன் இண்டக்‌ஷன் உலை. இரண்டிலும் இரும்பு ஊற்றிப் பார்த்த பிறகு என் ஓட்டு இண்டக்‌ஷனுக்குத்தான்.

முதலீட்டில் க்யூபோலாவை அடிக்க முடியாது. தகடு, செங்கல், புளோயர், அவ்வளவுதான். இண்டக்‌ஷனுக்கு டிரான்ஸ்ஃபார்மர், தண்ணீர் குளிர்விப்பு, உருக்காத மாதத்திலும் டிமாண்ட் சார்ஜ் (மின் இணைப்பின் அளவுக்குக் கட்டும் கட்டணம்) என்று செலவு நீளும். க்யூபோலாவின் புகை விஷயம் ஊருக்கே தெரியும்.

என்னை மாற வைத்தது லேடிலில், அதாவது உருகிய இரும்பைத் தூக்கிப்போய் ஊற்றும் வாளியில், இருக்கும் சூடு. க்யூபோலாவில் காற்றைத் திறந்துவிட்டால் உலோகம் இறங்கிக்கொண்டே இருக்கும். பாக்ஸ் (மணல் அச்சுப் பெட்டி) மூடியாயிற்றா, கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் விட வைக்கும் மணல் கட்டி) வைத்தாயிற்றா என்று அது காத்திருக்காது. முதலில் வருவது ஆறிய இரும்பு, அதைத் தடிமனான வார்ப்புக்குத்தான் ஊற்றலாம். கோக் ஈரமாக வந்த அன்றைக்கு நடுவிலும் சூடு இறங்கும். இரண்டு பேர் லேடிலைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் கடைசி வரிசைக்குப் போவதற்குள் இன்னும் ஆறிவிடும். மோட்டார் பாடியின் மெல்லிய ஃபின்களில் (சூட்டை வெளியேற்றும் தகடு போன்ற விளிம்புகளில்) இரும்பு முழுதாக ஓடாது. இரண்டு பக்கமிருந்து வரும் ஓட்டம் ஒட்டாமல் கோடு விழும். அப்படிக் கோல்டு ஷட் விழுந்த பாடிகள் ஒரு முறை லேத்துக்குப் போய் மொத்தமாகத் திரும்பி வந்தன. அன்றைக்கு ஊற்றியவர்மீது தவறே இல்லை. அவர் கைக்கு வந்த இரும்பே அப்படி.

இண்டக்‌ஷனில் பைரோமீட்டரை முக்கிப் பார்த்து, 1,450 டிகிரி சென்டிகிரேடு வந்த பிறகு சாய்க்கிறோம். கடைசி பாக்ஸுக்குப் போகும்போதும் 1,350க்குக் கீழே விடுவதில்லை. மோல்டிங் தாமதமானால் பவரைக் குறைத்துப் பிடித்து வைக்கலாம். ரொம்ப நேரம் பிடித்தால் மட்டும் ஆபத்து: வார்ப்பின் ஓரம் கடினமான வெள்ளை இரும்பாகி டூலை உடைக்கும். அதனால் அதைத் தடுக்கும் ஃபெர்ரோ சிலிக்கானை லேடிலில் போடுவதை ஒரு நாளும் தவறவிடக் கூடாது.

க்யூபோலாவுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். துரு ஏறிய ஸ்கிராப்பையும் அது வாங்கிக்கொள்ளும், அழுக்கைச் சுண்ணாம்புக்கல் கசடாக இழுத்துவிடும். இண்டக்‌ஷன் அப்படிச் சுத்தம் செய்யாது. ஈரமான ஸ்கிராப்போ வாய் மூடிய குழாயோ உருகிய இரும்புக்குள் விழுந்தால் வெடித்துச் சிதறும், எதிரே நிற்பது நம் ஆள். லைனிங்கும் (உலையின் உள்சுவர்) கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்க வேண்டியது. ராமிங் மாஸை (உள்சுவருக்கான தூளை) இறுக்கி அடித்து, முதல் உருக்கை அவசரப்படாமல் ஏற்ற வேண்டும். 2012 மாதிரி மின்வெட்டு திரும்ப வந்தால் கணக்கு மாறும். அப்போது எங்களிடம் க்யூபோலாதான் இருந்தது.

எஸ்.ஜி. அயர்ன் (மெக்னீசியம் சேர்த்து வார்க்கும், எளிதில் உடையாத இரும்பு) நாங்கள் கொஞ்சம்தான் வார்த்திருக்கிறோம், அதனால் அழுத்திச் சொல்லமாட்டேன். ஆனால் கோக்கிலிருந்து ஏறும் கந்தகம் மெக்னீசியத்தைத் தின்றுவிடும் என்பதால் அங்கேயும் இண்டக்‌ஷன்தான் சுலபம். தினமும் ஒரே மாதிரி எடைக்கட்டி, மேன்ஹோல் மூடி என்று டன் கணக்கில் ஊற்றுகிறவர்கள் க்யூபோலாவைக் கைவிட அவசரப்பட வேண்டாம்.

எங்கள் பட்டறையில் லேடில் பிடிக்கும் அண்ணன், லேடில் உள்ளே சிவக்கக் காய்ந்ததா என்று பார்த்த பிறகுதான் இப்போது "சாய்" என்கிறார். க்யூபோலா ஓடிய நாளில் அந்த ஒரு வார்த்தை அவர் கையில் இல்லை.