ரென் அண்ட் மார்ட்டினா, மர்ஃபியா? தனியாக உட்கார்ந்து கிராமர் படிப்பவருக்கு எது சரி?

தமிழ் மீடியத்தில் படித்து, கிராமரைப் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்து, வேலைக்கு வந்தபின் ஒரு மெயிலை நாலு தடவை அழித்து அழித்து எழுதுகிற ஆள் நான். போன வருடம் இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று உட்கார்ந்தபோது வீட்டில் இரண்டு இங்கிலீஷ் கிராமர் புத்தகங்கள் இருந்தன. அண்ணன் விட்டுப்போன ரென் அண்ட் மார்ட்டின் ஒன்று, நான் வாங்கிய ரேமண்ட் மர்ஃபியின் நீல அட்டை 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' இன்னொன்று. இரண்டையும் சில மாதங்கள் மாறி மாறிப் பார்த்தேன். மேஜையில் தங்கியது மர்ஃபிதான்.

விலை, கிடைக்குமா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை, இரண்டுமே எங்கும் கிடைக்கும். மர்ஃபி 1985-இல் முதலில் வந்தது, இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, ஒரு பாடம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ரென் அண்ட் மார்ட்டின் அதைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தது. விதியைச் சொல்லி, பெயர் வைத்து, வகை பிரித்துக்கொண்டே போகும். பயிற்சி வாக்கியங்களில் பழைய காலத்து வாசனை அடிக்கும்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது பின்பக்கத்து விடைகள். தனியாகப் படிக்கிறவனுக்குப் பக்கத்தில் வாத்தியார் கிடையாது, எழுதியது தப்பு என்று யார் சொல்வது? 'அஞ்சு வருஷமா இங்க வேலை பாக்கறேன்' என்பதை நாம் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம், அதே கையோடு 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அண்ணன் புத்தகத்தில் அப்படிப் பக்கம் பக்கமாக எழுதி நோட்டு நிறைந்தது, எத்தனை சரி என்றே தெரியாது, ஏனென்றால் அதற்கான கீ, அதாவது விடைகள், தனிப் புத்தகம், அது எங்கள் வீட்டில் இல்லை. மர்ஃபியில் அதே விஷயத்தைச் செய்துவிட்டுப் பின்னால் புரட்டினால் 'ஹேவ் பீன் வொர்க்கிங்', 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று இருக்கிறது. முதல் நாள் பாதிக்கு மேல் தப்பு. வலித்தது, ஆனால் அதற்கப்புறம் அந்தத் தப்பு மெயிலில் வரவில்லை.

வாங்கும்போது அட்டையில் விடைகளோடு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், விடை இல்லாத பதிப்பும் உண்டு. அப்புறம், பென்சிலில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அழித்துவிட்டு மறுபடி செய்தால்தான் எது மண்டையில் நின்றது என்று தெரியும். பேனாவால் எழுதி நான் முதல் 20 பாடங்களைப் பாழாக்கிவிட்டேன்.

சரி, ரென் அண்ட் மார்ட்டின் வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். மர்ஃபியில் பெரும்பாலும் கோடிட்ட இடம், டென்ஸ், ஆர்ட்டிகிள், ப்ரெபொசிஷன்தான். வாக்கியத்தைப் பிரித்து மேய்வது, இரண்டு சின்ன வாக்கியங்களை ஒன்றாக்குவது, ஆக்டிவை பாசிவாக மாற்றுவது போன்ற வேலை ரென் அண்ட் மார்ட்டினில்தான் நிறைய. 'நேற்று வந்த பையன்' என்று நாம் எல்லாவற்றையும் பையனுக்கு முன்னால் அடுக்குகிறோம், இங்கிலீஷில் பையன் முதலில் வந்து, 'ஹூ கேம் யெஸ்டர்டே' பின்னால் வருகிறது. இந்தத் திருப்பம் கைக்குப் பழக அந்த இணைப்புப் பயிற்சிகள் நல்ல கசரத்து. ஸ்கூல் பிள்ளைக்கு, அதுவும் திருத்த டீச்சர் இருந்தால், அதையே வாங்கலாம்.

ஐஇஎல்டிஎஸ் மாதிரி இங்கிலீஷ் தேர்வுக்கு மர்ஃபி மட்டும் போதுமா என்று கேட்டால், அந்தத் தேர்வை எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் எழுதவில்லை. பேச்சுக்கு இரண்டுமே பெரிதாக உதவவில்லை, வாய் திறந்தால் இன்னும் தடுமாற்றம்தான். ஃபோன் செயலிகளில் மூன்று வாரத்துக்கு மேல் நான் தாக்குப்பிடித்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

இப்போது தினமும் காலையில் மர்ஃபி ஒரு பாடம், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் புத்தகத்தில் வாக்கியம் இணைப்பது. அதற்கும் கீ வாங்கியாகிவிட்டது.