கோப்புப் பெயரில் இருக்கிறது விஷயம்: வீட்டுப் படத்தொகுப்போடு சில வருடங்கள்

எங்கள் வீட்டில் விசிடி, டிவிடி எல்லாம் சேர்ந்து இரண்டு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. பாதி, 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கிய பிறகு வாங்கிக் குவித்தவை. அந்த விலைக்குத் திருட்டு வட்டு வாங்கவே அவசியமில்லாமல் போயிற்று. மீதி, லண்டனிலிருந்து வந்த உறவினர்கள் கொண்டுவந்த ஐங்கரன் டிவிடிகள். இவற்றையெல்லாம் கணினிக்கு மாற்றி, டிவியில் பார்க்கிற மாதிரி ஒழுங்குபடுத்தி, பல வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன். என்ன மென்பொருள் போடலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி.

காரணம், மென்பொருள் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் வெறும் ஃபோல்டரும் விஎல்சியும். அப்புறம் கோடி (Kodi) என்ற பட இயக்கி, எக்ஸ்பிஎம்சி என்று முன்பு இருந்து 2014இல் பெயர் மாறியதே, அது. இப்போது, கணினியில் இருக்கும் படங்களைப் பட்டியலிட்டு டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின். எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதிலிருந்து 2018 டிசம்பரில் பிரிந்து வந்த இலவச மென்பொருள் இது. இத்தனை மாற்றத்திலும் நான் திரும்பச் செய்ய வேண்டியிராத ஒரே வேலை, பெயர் வைத்தது. ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர், அதன் பெயர் படத்தின் பெயர், அடைப்புக்குறிக்குள் வருடம். அவ்வளவுதான். வருடம் கட்டாயம். பில்லா என்று மட்டும் எழுதி வைத்தால் 1980ஆ 2007ஆ என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? தில்லு முல்லுவிலும் அதே கதை, 1981, 2013 என்று இரண்டு இருக்கின்றன.

பெயரைத் தமிழிலேயே எழுதுவதா ஆங்கில எழுத்திலா என்பதில் என் முடிவு தமிழ். ஆங்கிலத்தில் எழுதினால் ழகரத்துக்கு ஒருவர் ஒரு எழுத்து போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். நெடிலுக்கு இரட்டை உயிரெழுத்தா ஒற்றையா என்று தனிச் சண்டை. தேடும்போது நாம் எப்படி எழுதினோம் என்று நமக்கே நினைவிருக்காது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. படத்தின் விவரங்களும் போஸ்டரும் வருவது டிஎம்டிபி என்ற தளத்திலிருந்து. பழைய படங்கள் பலவற்றுக்கு அங்கே தமிழ்த் தலைப்பு சேர்க்கப்படாமல் இருப்பதால், தேடினால் கிடைக்காது, அல்லது சம்பந்தமே இல்லாத படம் வந்து உட்காரும். அதற்கு வழி இருக்கிறது. அந்தத் தளத்தில் படத்துக்கு உள்ள எண்ணை, முன்னால் tmdbid- என்று சேர்த்து, ஃபோல்டர் பெயரின் கடைசியில் சதுர அடைப்புக்குள் கொடுத்துவிட்டால் ஜெல்லிஃபின் நேராக அதையே எடுத்துக்கொள்ளும். அது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தளம் என்பதால், பொறுமை இருந்தால் தமிழ்த் தலைப்பை நாமே சேர்த்துவிடலாம். கறுப்பு வெள்ளைப் படங்களின் நடிகர் பட்டியல் அங்கே பெரும்பாலும் அரைகுறைதான். நாயகன், நாயகி இருப்பார்கள், நகைச்சுவை நடிகரைக் காணோம். எங்கள் அப்பாவுக்கோ படம் நினைவிருப்பதே அவர்களை வைத்துத்தான்.

தமிழில் பெயர் வைப்பதில் ஒரு சிக்கல் மட்டும் என்னை நன்றாகச் சுற்றலில் விட்டது. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு துண்டாக வைக்கலாம், அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று துண்டாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக் கணினியின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் எப்போதும் மூன்றாகப் பிரித்துத்தான் எழுதும். லினக்ஸ் நாம் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். தம்பியின் மேக்கில் இருந்த வட்டிலிருந்து என் லினக்ஸ் கணினிக்குப் படங்களை மாற்றியபோது, ஏற்கனவே இங்கேயும் இருந்தவற்றில் கொ, கோ, தொ, போ வரும் படங்களெல்லாம் ஒரே பெயரில் இரண்டு இரண்டு ஃபோல்டராக நின்றன. மற்ற படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை ஒரே சீராக்க கன்வ்எம்வி என்ற சிறு கருவி போதும். விண்டோஸ் மட்டுமே வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நடிகர் வாரியாக, இயக்குநர் வாரியாக, காமெடி, சரித்திரம் என்று ஃபோல்டர் பிரிக்கச் சிலருக்கு ஆசை வரும். வேண்டாம். சிவாஜியும் ஜெமினியும் சேர்ந்து நடித்த படத்தை எந்த ஃபோல்டரில் போடுவீர்கள்? எல்லாப் படமும் ஒரே இடத்தில் இருக்கட்டும், பிரிக்கிற வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். படத்தின் விவரங்களை என்எஃப்ஓ கோப்பாகப் படத்தின் பக்கத்திலேயே சேமிக்கும் வசதி ஜெல்லிஃபினில் உண்டு, அதைப் போட்டு வைப்பது நல்லது. கோடியும் அதைப் படிக்கும். நாளைக்கு வேறு எதற்காவது மாறினாலும் கைத்திருத்தங்கள் வீணாகாது.

வட்டிலிருந்து எடுக்கும் வேலையில் விசிடிதான் படுத்தும். டிவிடிக்கு மேக்எம்கேவி என்ற மென்பொருள் போதும், தரம் குறையாமல் ஒரே கோப்பாக எடுத்துக் கொடுத்துவிடும். விசிடியில் படம் பதிந்திருக்கும் முறையில், சாதாரண டேட்டா சிடியில் இருக்கிற கூடுதல் பிழைதிருத்தம் கிடையாது. 74 நிமிடப் படத்தை ஒரே வட்டில் அடைக்கக் கொடுத்த விலை அது. அதனால் சின்னக் கீறல் விழுந்தாலும் விண்டோஸில் நகலெடுப்பது பாதியில் நின்றுவிடும். கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் மற்றதை எடுத்துக் கொடுக்கும் மீட்புக் கருவிகள் உண்டு. திரையில் நாலு கட்டம் உடைந்து தெரியும், படம் பிழைத்துவிடும். இரண்டு மூன்று வட்டில் இருக்கும் படத்தை எம்கேவி என்ற வகை வீடியோ கோப்பு ஒன்றாக இணைத்துவிடுங்கள். ஜெல்லிஃபின் பாகங்களை வரிசையாக ஓட்டும் என்றாலும், இடையில் அது தடுக்குவது பெரியவர்களுக்குப் பிடிப்பதில்லை.

விசிடியின் படமே 352க்கு 288 புள்ளிதான். இதை மறுபடி சுருக்கினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இரண்டரை மணிநேரப் படம் ஏறக்குறைய ஒன்றரை ஜிபி, இருந்துவிட்டுப் போகட்டும். டிவிடியையும் நான் சுருக்குவதில்லை. ஒரு படம் 7 ஜிபி என்றாலும் 4 டிபி ஹார்டு டிஸ்க் வட்டில் ஐந்நூறுக்கு மேல் கொள்ளும். ஓடிடியில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: பழைய படங்களை அகலத்திரைக்குப் பொருத்துகிறேன் என்று மேலும் கீழும் வெட்டிவிட்ட பிரதிகளை அங்கே பார்த்திருக்கிறேன், ஆடுகிறவரின் கால் தெரியாது. டிவிடியிலும் வேறொரு கோளாறு உண்டு. அகலத்திரைப் படத்தைக் கறுப்புப் பட்டையோடு சதுரச் சட்டத்துக்குள் பதித்திருப்பார்கள். இன்றைய டிவியில் நாலு பக்கமும் கறுப்பாக, நடுவில் தபால்தலை மாதிரி படம் ஓடும். கோப்பை வெட்டத் தேவையில்லை, டிவி ரிமோட்டில் ஜூம் போட்டால் சரியாகிவிடும்.

வீட்டில் அதிகம் பாராட்டு வாங்கிய வேலை எது தெரியுமா? பாட்டு வரும் இடங்களைக் குறித்து வைத்தது. அம்மா முழுப்படம் பார்ப்பது அபூர்வம். "அந்தப் பாட்டு மட்டும் போடுடா" என்பார். எம்கேவி கோப்பில் அத்தியாயம் குறிக்கும் வசதி இருக்கிறது. எம்கேவி டூல்நிக்ஸ் என்ற இலவசக் கருவியில் நேரத்தையும் பாட்டின் முதல் வரியையும் கொடுத்தால் போதும், கோப்பை மறுபடி சுருக்கத் தேவையே இல்லை. டிவிடியிலிருந்து எடுத்ததில் அத்தியாயங்கள் ஏற்கனவே இருக்கும், பெயர் மட்டும் எண்ணாக இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். எல்லா டிவி செயலியும் இந்தப் பட்டியலை ஒழுங்காகக் காட்டுவதில்லை என்பது ஒரு குறை. காட்டாத இடத்திலும் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவும் பொத்தான் வேலை செய்கிறது.

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒரு சிறிய கணினி, 20 வாட் அளவில் நாள் முழுக்க ஓடுகிறது. இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் 29 யூனிட் வரும். டிவி தானாகவே ஓட்டக்கூடிய கோப்பாக இருந்தால் இந்தக் கணினிக்கு வேலையே இல்லை. டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியிருந்தால்தான் மூச்சு வாங்கும். இன்டெல் ஏழாம் தலைமுறைக்கு மேல் என்றால் அதையும் சமாளித்துவிடும்.

பேக்கப்புக்கு அதே அளவில் இன்னொரு ஹார்டு டிஸ்க், அக்கா வீட்டில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது கொண்டுவந்து புதியதை மட்டும் சேர்ப்பேன். இங்கே அழித்ததை அங்கேயும் அழிக்கும் 'மிரர்' முறையை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 197ஆம் எண் வரிசையை அவ்வப்போது பார்ப்பேன். படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் இடங்களின் எண்ணிக்கை அது. பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் புது வட்டு வாங்க வேண்டியதுதான். ஒருமுறை அப்படி ஏறி, வாரன்டியில் மாற்றித் தரக் கடைக்காரர் ஏகப்பட்ட நாள் இழுத்தடித்தார். அதற்குள் அக்கா வீட்டு வட்டை வைத்து ஓட்டினோம்.

ஊரில் பெரியப்பா வீட்டு டிவிக்கு மட்டும் இன்னும் பென்டிரைவ்தான். அந்த டிவி ஃபேட் 32 என்ற கோப்பு முறை தவிர வேறெதையும் படிக்காது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதற்காக மட்டும், வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளைத் திறக்கிறேன். எச்.264 என்ற சுருக்கும் முறை, தர எண் 20, வரிவிட்டு வரி பதிந்த படத்தை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸ் போட்டு விட்டால் டிவிடிப் படம் பெரும்பாலும் 2 ஜிபிக்குள் அடங்கும். டீஇன்டர்லேஸ் போடாவிட்டால் சண்டைக் காட்சிகளில் கை கால் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும்.