மஸ்டாங், கமேரோ, சார்ஜர்: ஸ்பேனர் பிடித்துப் பழக எது தோதான வண்டி?

ஃபோர்டின் மஸ்டாங், செவர்லேயின் கமேரோ, கிரைஸ்லரின் டாட்ஜ் சார்ஜர் என்று பழைய அமெரிக்க மசில் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் குதிரைத்திறனில்தான் தொடங்குவார்கள். 1969 சார்ஜர் ஆர்/டியின் 440 எஞ்சினுக்கு (440 என்பது கன அங்குலத்தில் கொள்ளளவு) 375, 1968 மஸ்டாங்கின் 428 கோப்ரா ஜெட்டுக்கு 335, 1969 கமேரோ இசட்/28க்கு 290 என்று எண்களை வரிசையாக வைத்தால் போதும், சண்டை தானாக மூண்டுவிடும். அந்த எண்களே அவ்வளவு நாணயமானவை அல்ல. எஞ்சினை வண்டியிலிருந்து பிரித்து ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் ஃபில்டரோ சைலன்சரோ மாட்டாமல் அளந்த 'கிராஸ்' கணக்கு அது. 1972 மாடலிலிருந்து, எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் 'நெட்' கணக்குக்கு மாறியதும் எண்கள் மளமளவென்று இறங்கின. காப்பீட்டுக் கம்பெனிகளின் கண்ணை உறுத்தாமல் இருக்கக் குறைத்து எழுதிய எண்களும் உண்டு என்பார்கள். இசட்/28இன் 290ஐ விவரம் தெரிந்த யாரும் நம்புவதில்லை.

எனவே வேகத்தை விட்டுவிடுவோம். வாரக்கடைசியில் கராஜில் நின்று, தன் கையாலேயே கழற்றி மாட்டி வேலை கற்றுக்கொள்ள நினைக்கும் ஒருவருக்கு இந்த மூன்றில் எது நல்லது? என் ஒப்பீடு அவ்வளவுதான்.

முதலில் ஒரு ஆட்சேபத்தைத் தீர்த்துவிடலாம். மஸ்டாங்கும் கமேரோவும் மசில் கார்களே அல்ல, 'போனி' கார்கள் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய வண்டியின் எஞ்சினைத் திணித்தால்தான் மசில் கார் என்பது அவர்கள் வாதம். 1964இல் டெம்பெஸ்ட் லெமான்ஸில் 389 எஞ்சினைப் போட்டு போன்டியாக் கொண்டுவந்த ஜிடிஓவைத்தான் அவர்கள் முதல் உதாரணமாகக் காட்டுவார்கள். சரி, அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் போல்ட்டைக் கழற்றும்போது இந்தப் பாகுபாட்டால் பைசா பிரயோஜனம் இல்லை.

மூன்றிலும் பொதுவானவை நிறைய. கார்பரேட்டர், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் (உள்ளே பாயிண்ட்டும் கண்டென்சரும்), பெரும்பாலும் டிரம் பிரேக், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். எல்லா போல்ட்டும் அங்குலக் கணக்கு. வீட்டில் இருக்கிறதே என்று 13 மி.மீ. ஸ்பேனரை அரை அங்குலப் போல்ட்டில் மாட்டாதீர்கள். மாட்டியது போலத்தான் இருக்கும், அழுத்தித் திருப்பியதும் தலை உருண்டுவிடும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அந்த 0.3தான் வினை. இன்னொன்று, ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் படுக்கக் கூடாது. இரண்டு ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தலையை நீட்ட வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். புதிதாகப் பழகுகிறவர் முதலில் கை வைப்பது டியூனப்பில். பிளக் மாற்றி, பாயிண்ட் இடைவெளி வைத்து, டைமிங், அதாவது பொறி பறக்கும் நேரம் பார்ப்பது. இந்த வரிசை முக்கியம். பாயிண்ட் என்பது திறந்து மூடும் ஒரு சிறு சுவிட்ச். அது எந்த நொடியில் திறக்கிறதோ அந்த நொடியில்தான் பொறி பறக்கும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் கூடவே நகர்ந்துவிடும். டைமிங்கை முதலில் வைத்துவிட்டு அப்புறம் பாயிண்ட்டைத் தொட்டால் செய்த வேலை வீண்.

இங்கே மஸ்டாங்கின் 289 எஞ்சின் சொகுசு. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்பக்கமே நிற்கிறது. கிரில் பக்கம் நின்றபடி மூடியைத் திறந்து, ஃபீலர் கேஜை நுழைத்து, சுமார் 0.017 அங்குலம் வைத்து மூடிவிடலாம். கமேரோவில் அது எஞ்சினின் பின்கோடியில், ஃபயர்வாலை, அதாவது எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகட்டை ஒட்டி ஒளிந்திருக்கிறது. ஃபெண்டர் மேல் குப்புறப் படுத்து எட்ட வேண்டும். ஆனால் செவர்லேக்காரர்கள் அதற்கு ஒரு பரிகாரம் வைத்திருந்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சிறு ஜன்னல் உண்டு. அதைத் தூக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எட்டில் ஒரு அங்குல ஆலன் கீயைச் செருகி பாயிண்ட்டைத் திருகலாம். மீட்டர் இல்லாதவர்கள் எஞ்சின் தடுமாறும் வரை உள்ளே திருகி, அங்கிருந்து அரைச் சுற்று வெளியே எடுப்பார்கள். தேவையான 30 டிகிரி டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) கிட்டத்தட்ட வந்துவிடும். மூடியைக் கழற்றாமல் பாயிண்ட் வைக்கும் இந்த வசதியைப் பார்த்தால், இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததை மன்னித்துவிடத் தோன்றுகிறது.

சார்ஜரில் கதை எஞ்சினைப் பொறுத்தது. 318 என்றால் கமேரோ போலப் பின்னால், 383, 440 என்றால் முன்னால். 426 ஹெமி என்றால் பிளக்குகளே வால்வ் கவருக்குள் குழாய் வழியாக இறங்குகின்றன. ஆனால் ஹெமி வாங்குகிற வசதி உள்ளவர் பிளக் கழற்றப் பழகுவதற்காக இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

பிளக் வயர்களைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது. செவர்லேயிலும் கிரைஸ்லரிலும் டிரைவர் பக்கம் (அமெரிக்க வண்டியில் அது இடப் பக்கம்) 1, 3, 5, 7, எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஃபோர்டில் டிரைவருக்கு எதிர்ப்பக்கம் முன்னிருந்து 1 முதல் 4, டிரைவர் பக்கம் 5 முதல் 8. 289இன் வரிசை 1-5-4-2-6-3-7-8. 1969இல் வந்த 351 விண்ட்சருக்கு ஃபோர்டே வரிசையை மாற்றி 1-3-7-2-6-5-4-8 ஆக்கியது. ஐம்பது வருஷ வண்டியில் முன்பிருந்தவர் எரியும் வரிசையைத் தீர்மானிக்கும் கேம் ஷாஃப்ட்டில் எதைப் போட்டாரோ, யார் கண்டது? சரியாக மாட்டியும் கார்பரேட்டர் வழியாக எஞ்சின் வெடித்துத் துப்பினால் சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மூன்றும் மூன்று விதமாகப் பாடம் எடுக்கும். மஸ்டாங்கில் ஸ்டார்ட்டர் ரிலே, பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபெண்டரின் உள்பக்கம் தனியாக இருக்கிறது. கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, அதன் இரண்டு பெரிய முனைகளையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் தெரிந்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றினால் கோளாறு ரிலேயிலோ சாவிப் பக்கமோ. சுற்றவில்லை என்றால் ஸ்டார்ட்டரையும் கேபிளையும் பார்க்க வேண்டும். கமேரோவில் அந்த வேலையைச் செய்யும் சொலினாய்டு ஸ்டார்ட்டரின் முதுகிலேயே, புகைக்குழாயின் சூட்டில் வெந்தபடி கிடக்கிறது. நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தி உடனே மறுபடி சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வரும். ஆறியதும் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

சார்ஜர்தான் இதில் வேடிக்கை. சாவியைப் பிடித்திருக்கும் வரை எஞ்சின் ஓடும், விட்டதும் அணையும். பெட்ரோல் வரவில்லையோ என்று கார்பரேட்டரைப் பிரித்தவர்கள் ஏராளம். உண்மையில் போனது ஃபயர்வாலில் உள்ள பீங்கான் பேலஸ்ட் ரெசிஸ்டர். ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு நேராக இக்னிஷன் காயிலுக்குப் போகும். சாவியை விட்டதும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். மாற்ற ஒரே ஒரு ஸ்க்ரூ. கிரைஸ்லர் வண்டிக்காரர்கள் டேஷ் பெட்டியில் ஒன்றை உபரியாக வைத்திருப்பார்கள்.

முன் சஸ்பென்ஷனில் சார்ஜருக்கே என் ஓட்டு. மஸ்டாங்கில் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மில் உட்கார்ந்து, எஞ்சின் அறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ஷாக் டவருக்குள் நிற்கிறது. 289க்கு இடம் போதும். 390, 428 எஞ்சின்களில் பின் பிளக்குகளை எட்ட எஞ்சின் மவுண்டைத் தளர்த்தித் தூக்குகிறவர்களும் உண்டு. கமேரோவில் ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருக்கிறது. இரண்டிலுமே அமுக்கப்பட்ட ஸ்பிரிங் கையை உடைக்கும் வலு உள்ளது. கம்ப்ரசர் இல்லாமல் தொடவே கூடாது, முதல் வருஷம் தொடாமலிருந்தால் இன்னும் நல்லது. சார்ஜரில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கே கிடையாது, நீளவாக்கில் முறுக்குக் கம்பிதான், அதாவது டார்ஷன் பார். ஒரு போல்ட்டைத் திருகி வண்டியின் முன் உயரத்தையே ஏற்றி இறக்கலாம். கழற்றும்போது அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் முறுக்கு இறங்கிவிடும். இடப் பக்கக் கம்பியை வலப் பக்கம் போட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

அதே சார்ஜர் சக்கரம் கழற்றும் இடத்தில் காலை வாரிவிடும். 1970 வரை கிரைஸ்லர் வண்டிகளில் டிரைவர் பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. வழக்கம் போல இடது பக்கம் திருப்பத் திருப்ப இறுகிக்கொண்டே போகும். துரு என்று நினைத்து நீளக் குழாயைச் செருகி ஏறி நின்றால் ஸ்டட் முறிந்து கையோடு வரும். ஸ்டட்டின் நுனியில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை.

பிரேக்கில் வருஷம்தான் முக்கியம், பிராண்டு அல்ல. 1966 வரையிலான மஸ்டாங்கில், பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எங்காவது ஒரு ஹோஸ் கிழிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967 முதல் இரட்டை அறை. கமேரோ பிறந்ததே 1967 மாடலாக என்பதால் அதில் இந்தக் கவலை இல்லை.

மின் வயரிங்கில் சார்ஜர் சுமார்தான். ஆல்டர்னேட்டரின் மொத்த மின்சாரமும் ஃபயர்வாலில் உள்ள பிளாஸ்டிக் கனெக்டரைத் தாண்டி, டேஷில் உள்ள அம்மீட்டர் வழியாகப் போய்ப் பேட்டரிக்குத் திரும்புகிறது. காலப்போக்கில் முனைகள் தளர்ந்து சூடேறி பிளாஸ்டிக் உருகும். வாங்கியதும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் அந்தக் கனெக்டர்.

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்பேனரால் தீரும். துரு அப்படியல்ல, அதற்கு வெல்டிங்கும் டிங்கரிங்கும் வேண்டும். பணம் கரைவதும் அங்கேதான்.

கமேரோவுக்கு இதில் ஒரு அனுகூலம். அதன் முன்பாதி தனி சப்ஃபிரேம். ரப்பர் புஷ் வைத்துப் போல்ட்டால் உடலோடு பூட்டியிருக்கிறார்கள். தேவையானால் எஞ்சினோடு சேர்த்து அப்படியே உருட்டி வெளியே எடுக்கலாம். ரப்பர் நைந்தால் கதவு இடைவெளிகள் கோணிக்கொள்ளும், மாற்றினால் நேராகும். மஸ்டாங்கிலும் சார்ஜரிலும் உடலே சட்டம். சட்டம் அரித்தால் உடலே போச்சு. சார்ஜரில் டிக்கியின் தரையையும் பின் ரெயில்களையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

மஸ்டாங்கின் வியாதி கௌலில். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் சல்லடை இருக்கிறதே, அதற்கு அடியில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஸ்பாட் வெல்டு செய்திருக்கிறார்கள். மழைத் தண்ணீரும் காய்ந்த இலையும் அங்கே தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஊறிக்கிடக்கும். அதைச் சரிசெய்ய எண்ணற்ற வெல்டுப் பொட்டுகளைத் துளைத்துத் தகட்டைப் பெயர்க்க வேண்டும். பழகுகிறவர் வேலை அல்ல அது.

வாங்கும்போது காகிதம் பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. மஸ்டாங்கின் சேசிஸ் எண்ணில் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். 1967 வண்டியில் சி என்றால் இரண்டு பேரல் (காற்றுத் துளை) கார்பரேட்டர் உள்ள 289, ஏ என்றால் நான்கு பேரல், கே என்றால் அபூர்வமான ஹை-பெர்ஃபார்மன்ஸ். சார்ஜரிலும் ஐந்தாவது எழுத்துதான். 1967-69 கமேரோவின் எண்ணோ 123 என்றால் ஆறு சிலிண்டர், 124 என்றால் வி8 என்பதோடு வாயை மூடிக்கொள்கிறது. எஸ்எஸ், இசட்/28 என்ற விசேஷ வகையா என்பதெல்லாம் அதில் இல்லை. சாதா கமேரோவில் பட்டைக் கோடு ஒட்டி விற்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எஞ்சின் மட்டும் என்றால் கமேரோவை அடிக்க ஆள் இல்லை. 1955இல் 265 கன அங்குலமாகத் தொடங்கிய செவர்லே ஸ்மால் பிளாக்கின் 350 வடிவம் முதலில் வந்ததே 1967 கமேரோ எஸ்எஸ்ஸில்தான். அப்புறம் பல பத்தாண்டுகள் கார், பிக்கப் என்று எல்லாவற்றிலும் ஓடியது. உதிரிப்பாகம் எங்கேயும் கிடைக்கும். சார்ஜருக்கு அந்தப் பாக்கியம் குறைவு. 1966 மாடலில் மட்டும் மஸ்டாங் 6 லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1968 சார்ஜர் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கிரைஸ்லர் சாமான்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், 318 போட்ட டாட்ஜ் டார்ட் ஒன்றைப் பாருங்கள். அதே டார்ஷன் பார், அதே பேலஸ்ட் ரெசிஸ்டர், விலையில் மட்டும் சார்ஜரின் பந்தா கிடையாது.

பழகுவதற்கு என் தேர்வு 1967 அல்லது 1968 மஸ்டாங், 289 எஞ்சினோடு. முன்பக்க டிஸ்ட்ரிபியூட்டர், தனி ரிலே, இரட்டை அறை பிரேக், எண்ணைப் படித்தாலே தெரியும் எஞ்சின் என்று எல்லாமே கைக்கும் கண்ணுக்கும் எட்டும் இடத்தில் இருக்கின்றன. பெட்ரோல் டேங்கின் மேல்தகடே டிக்கியின் தரை என்பதால் அதைக்கூட மேலிருந்து திருகு கழற்றித் தூக்கிவிடலாம். விபத்தில் அதுவே ஆபத்து என்பது வேறு விஷயம்.

பார்க்கப் போகும்போது ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். விற்கிறவர் முகம் மாறினால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். கார்ப்பெட்டை ஒதுக்கிவிட்டு, கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையில் மெதுவாக ஊற்றி, ஒருவரை டேஷுக்கு அடியில் டார்ச்சோடு படுக்கச் சொல்லுங்கள். முன் ஃபெண்டர்களின் பின்பக்கமாகத் தண்ணீர் தரையில் வடிந்தால் விலை பேசலாம். படுத்திருப்பவர் நெற்றியில் சொட்டினால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.