முக்குளிப்பானைப் பார்க்க 8×42 பைனாகுலர்: ஒரு வருட அனுபவம்

இதற்கு முன்னால் மூன்று வருடம் 10×42 வைத்திருந்தேன். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து வாங்கியது. முக்குளிப்பான் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

புறாவைவிடச் சின்னப் பறவை அது. இப்போது மிதக்கும், கண் இமைப்பதற்குள் தண்ணீரில் ஒரு வளையம் மட்டும் விரியும். பத்துப் பதினைந்து நொடி கழித்து எங்கோ தலை நீட்டும். பழைய பைனாகுலரின் பார்வைப் பரப்பு 6 டிகிரிதான், அதாவது 100 மீட்டர் தூரத்தில் பத்தரை மீட்டர் அகலம். பறவை எழும்போது அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும். இதில் 8 டிகிரி, அதே தூரத்தில் 14 மீட்டர். முங்கிய இடத்திலேயே பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால், பல தடவை ஓரத்திலாவது வந்துவிடுகிறது. கை நடுக்கமும் குறைவாகத் தெரிகிறது.

வெளிச்சம் விஷயத்தில் முழுத் திருப்தி. கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மில்லிமீட்டர், பத்து மடங்கில் 4.2தான். விடிந்தும் விடியாத நேரத்திலேயே கன்னத்தின் செம்பழுப்பும் அலகு தொடங்கும் இடத்தில் இருக்கும் மஞ்சள் புள்ளியும் தெளிவாகத் தெரிந்தன.

இதில் பார்த்ததிலேயே என்னை உலுக்கியது கூட்டில் நடந்தது. நாணலோடு கட்டிய மிதக்கும் பாசிக் குவியல். தூரத்தில் ஏதோ அசைந்ததும் தாய் சட்டென்று எழுந்து, ஈரப் பாசியை நாலு தடவை இழுத்து முட்டைகள்மேல் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனது. பாசிக்கு நடுவே ஒரு முட்டையின் ஓரம் மட்டும் தெரிந்தது. இடும்போது வெள்ளையாக இருக்கும் முட்டை, பாசிக் கறை ஏறிப் பழுப்பாகியிருந்தது.

குறைகளும் உண்டு. ஃபோகஸ் சக்கரம் இறுக்கமாக இருக்கிறது. பறவை திடீரென்று பக்கத்தில் எழுந்தால் விரல் தடுமாறும். முன்கண்ணாடி மூடிகள் லூசு, ஒன்று தண்ணீரில் விழுந்து போயே போச்சு. கூடவே வந்த பட்டை கழுத்தை அறுக்கிறது, அகலமானதாக மாற்றிக்கொண்டேன். அப்புறம், மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண்குவளையை (கண் வைக்கும் பக்கத்தில் இருக்கும் வளையம்) முழுக்க உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் வட்டம் முழுசாகத் தெரிகிறது.

கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பார்வைப் பரப்பு எத்தனை டிகிரி என்பதைத்தான். போன வாரம் தாயின் முதுகுச் சிறகுகளுக்குள்ளிருந்து கோடு போட்ட இரண்டு குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன. சற்றுத் தள்ளித் தந்தை சின்ன மீனோடு எழுந்தது. பைனாகுலரை நகர்த்தாமலே இரண்டையும் ஒரே வட்டத்தில் பார்த்தேன்.