ரீகானா, ரெய்டரா: அமெரிக்க மரீன் படையில் எந்தப் பாதை?

ரீகான் என்பது மரீன்களின் உளவுப் பிரிவு, ரெய்டர் என்பது அவர்களின் சிறப்புப் படை. இரண்டும் ஒரே வேலைதான், பெயர்தான் வேறு என்று பலர் நினைக்கிறார்கள். 2006-ல் மார்சாக், அதாவது ரெய்டர்கள் அடங்கும் சிறப்புப் படைத் தலைமையகம், தொடங்கியபோது ஃபோர்ஸ் ரீகான் என்ற ரீகான் பிரிவின் ஆட்களை வைத்துத்தான் முதல் அணிகளை அமைத்தார்கள். குழப்பம் அங்கிருந்து வந்தது.

உடல் தகுதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நீச்சலும் சுமைநடையும் வராதவர் இரண்டிலும் நிற்க மாட்டார். சேரும் வழி வேறு. ரீகானுக்குப் படையில் சேரும்போதே ஒப்பந்தம் போடலாம். அடிப்படை ரீகான் பயிற்சியை முடித்தால் 0321 என்ற பணி எண் கிடைக்கும், பாராசூட்டும் டைவிங்கும் சேர்ந்தால் 0326. ரெய்டருக்குப் பெரும்பாலும் சில வருடம் வேறு பிரிவில் மரீனாக இருந்துவிட்டு, தேர்வுக் கட்டங்களைத் தாண்டி, ஏறத்தாழ ஒன்பது மாதப் பயிற்சி முடித்தால்தான் 0372. ரெய்டர் அணியில் 14 பேர். உள்ளூர்ப் படைகளைப் பழக்குவதும் அவர்களோடு சேர்ந்து அடிப்பதும் வேலை. ரீகான் அணி வழக்கமாக ஆறு பேர். முன்னே போய், மறைந்து, பார்த்து, சொல்வதே வேலை.

என் சாய்வு ரீகான் பக்கம்தான். ட்ரோன் வந்த பிறகு மனிதக் கண் எதற்கு என்று கேட்கிறார்கள். மேகம், மரக்கூரை, அலைத்தடை எல்லாம் ட்ரோனைக் குருடாக்கும். புதருக்குள் கிடக்கும் ஆள் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவருடைய ரேடியோ. உக்ரைனில் அலையைப் பிடித்து, இடம் கண்டு, பீரங்கியால் அடிப்பது இரு தரப்புக்கும் வழக்கமாகிவிட்டது. அதனால் இன்று ரீகான் தொழிலின் உயிர்நாடி ஆண்டெனா.

செயற்கைக்கோள் சுலபம், ஆனால் அதையே நம்பியிருக்கக் கூடாது. ஹெச்எஃப் என்ற சிற்றலை ரேடியோவில், நடுவிலிருந்து இரு பக்கமும் கம்பி நீளும் இருமுனை ஆண்டெனாவைத் தாழ்வாகக் கட்டினால் அலை நேராக மேலே போய், வானின் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, மலைக்கு அப்பாலும் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். 143-ஐ அனுப்பும் அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 5 மெகாஹெர்ட்ஸுக்கு 28.6 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 14.3. தரையிலிருந்து சுமார் மூன்று மீட்டர் உயரம் போதும். தாழ்வாக இருப்பதால் அருகில் இருக்கும் எதிரிக்குத் தரையோடு போகும் அலை குறைவாகவே எட்டும்.

சிக்கல் இரவில் வரும். பகலில் திரும்பி வந்த அலை, இருட்டியதும் அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும். 3 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும்; அப்போது பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 24 மீட்டர் கம்பி தேவை. பகல் அளவுக்கு மட்டும் வெட்டிய கம்பியை டியூனர் ஓரளவு சமாளித்தாலும் சக்தி வீணாகும், செய்தி தேயும், திரும்பத் திரும்ப அனுப்ப நேரும். அனுப்பும் ஒவ்வொரு நொடியும் அலை வரும் திசையைக் கண்டுபிடிக்கும் எதிரியின் கருவிக்குத் தீனி. எதிரி எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், எங்கே, எந்தப் பிரிவு, எப்போது, என்ன கருவி: ஆறையும் முன்பே எழுதிவைத்து, தரவாகச் சுருக்கி, ஒரே வீச்சில் அனுப்பிவிட்டு அணைக்க வேண்டும். பிஏ-5590 பேட்டரி ஒன்று ஒரு கிலோ, பிஆர்சி-150 ரேடியோவுக்கு இரண்டு. வளவளவென்று பேசும் அணி அந்தச் சுமையையும் கூட்டிக்கொள்கிறது.

வீட்டில் இருக்கும் நாள்கள் இரண்டிலும் குறைவு. எதில் அதிகம் என்பது அந்தந்தப் பிரிவை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பும் அட்டவணையைப் பொறுத்தது. வேற்றுமொழி கற்று, அந்நியப் படையோடு மாதக்கணக்கில் பழகுவதில் ஆசை உள்ளவருக்கு ரெய்டரே பொருந்தும். ரீகானில் சில வருடம் இருந்துவிட்டு ரெய்டர் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.